வட்டுகள் நான்கு, நகல்கள் மூன்று

2023ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் மிக்ஜாம் புயலையொட்டிப் பெய்த பெருமழையில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை நீரில் நின்றது. தெருக்களில் தேங்கிய வெள்ளம் தொழிற்கூடங்களுக்குள்ளும் புகுந்தது. எட்டாண்டுகளுக்கு முன், 2015 டிசம்பரிலும் இப்பகுதி இத்தகைய துன்பத்தைக் கண்டிருந்தது. 1964இல் தொடங்கப்பட்ட இத்தொழிற்பேட்டையில் ஊர்திகளுக்கான உதிரிப் பாகங்கள், அச்சுகள், வார்ப்புகள் முதலியவற்றைச் செய்யும் சிறு கூடங்கள் மிகுதி. வெள்ளம் வடிந்தபின் நனைந்த கடைசல் எந்திரத்தைப் பிரிக்கலாம், உலர்த்தலாம், மோட்டாரின் சுருளை மாற்றி, எண்ணெயிட்டு மீண்டும் ஓட்டலாம். செலவாகும், நாளாகும், ஆயினும் எந்திரம் திரும்பக் கிடைக்கும். அதே அறையின் மேசைக்கடியில் ஒரு கணினி இருந்து, அதன் வன்வட்டில் இருபதாண்டு வரைபடங்கள் இருந்தால் அவற்றின் நிலை என்ன?

எந்திரத்தைக் கடையில் வாங்கலாம். வாடிக்கையாளர் கேட்டவாறெல்லாம் திருத்தித் திருத்தி, நூற்றிலொரு பங்கு மில்லிமீட்டர் அளவில் செம்மை செய்யப்பட்ட வரைபடத்தை எந்தக் கடையும் விற்பதில்லை. தரவைக் காப்பது என்பது ஏதோ பெருநிறுவனங்களின் கவலை என்று எண்ணிவிட வேண்டா. என்.டி.டி., டிஜிட்டல் கனெக்சன் போன்ற நிறுவனங்கள் இதே அம்பத்தூரில் மாபெரும் தரவு மையங்களை அமைத்துள்ளன. அவற்றில் நடப்பதன் சிறு வடிவத்தை, பத்துப் பேர் வேலை செய்யும் ஒரு கூடமும் தன் அலுவலறையில் அமைத்துக்கொள்ள இயலும். அதன் பெயர் பிணையச் சேமிப்பு வழங்கி. பேச்சு வழக்கில் 'நாஸ்' என்பர்.

பொதுப் பெட்டகம்

ஒரு கூடத்தில் ஆறு கணினிகள் உள்ளன என்று கொள்வோம். வரைபடம் வரைபவரின் கணினியில் ஒரு படி. எந்திரத்தை இயக்குபவரிடம் மற்றொரு படி. கணக்கரிடம் விலைப்பட்டியலோடு இணைந்த வேறொரு படி. மூன்றில் எது இறுதியாகத் திருத்தப்பட்டது என்பது எவருக்கும் உறுதியாகத் தெரியாது. பழைய படியைக் கொண்டு நூறு உருப்படிகளை வெட்டியபின்தான் தவறு புலப்படும். இக்குழப்பத்தை நீக்கும் வழி, கோப்புகளை ஓரிடத்தில் வைத்து அனைவரும் அங்கிருந்தே எடுத்தாள்வதாகும். அந்த ஓரிடமே சேமிப்பு வழங்கி. திரையும் விசைப்பலகையும் இதற்குத் தேவையில்லை. சில வன்வட்டுகள், ஒரு செயலி, நினைவகம், பிணையக் கம்பியைச் செருகும் துளை ஆகியவை உள்ள பெட்டி அது; இரவும் பகலும் ஓடிக்கொண்டிருப்பது.

வழங்கியும் கணினிகளும் உரையாட ஒரு பொதுமொழி வேண்டும். விண்டோஸ் கணினிகள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் நெறிமுறையை லினக்ஸ், யூனிக்ஸ் வழங்கிகளும் பேசுமாறு செய்த மென்பொருள் சாம்பா. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல் 1990களின் தொடக்கத்தில் இதனை எழுதத் தொடங்கினார். இன்று வீட்டுக்கென விற்கப்படும் சிறு சேமிப்புப் பெட்டிகள் பலவற்றின் உள்ளேயும் ஓடுவது இக்கட்டற்ற மென்பொருளே. ட்ரூநாஸ், ஓப்பன்மீடியாவால்ட் போன்ற இயக்க அமைப்புகளையும் விலையின்றிப் பெறலாம். பழைய கணினி ஒன்றில் இவற்றை நிறுவி வழங்கியாக்கிப் பழகுவது மாணவர்க்கு நல்ல பயிற்சி.

ஏன் ஒரு வட்டு போதாது?

முதல் வன்வட்டு 1956இல் ஐ.பி.எம். நிறுவனத்திடமிருந்து வந்தது. 24 அங்குல விட்டமுடைய 50 தட்டுகள் அதில் சுழன்றன. அனைத்தும் சேர்ந்து 50 இலட்சம் எழுத்துகளைத்தான் ஏந்தின. இன்று உள்ளங்கையில் அடங்கும் வட்டு அதைப்போல் பல இலட்சம் மடங்கு ஏந்துகிறது. மாறாதது ஒன்று: தட்டு சுழல்கிறது. மேசைக்கணினி, வழங்கி ஆகியவற்றின் வட்டுகள் பல நிமிடத்திற்கு 7200 முறை, அதாவது நொடிக்கு 120 முறை சுழல்வன. படிக்கும் முனை தட்டைத் தொடாமல், அதற்கு மேலே சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. தலைமயிரின் தடிமன் இதைவிடப் பல்லாயிரம் மடங்கு பெரிது. இத்துணை நுண்ணிய இடைவெளியில் ஆண்டுக்கணக்கில் ஓடும் ஒரு பொறி என்றேனும் பழுதாகும். ஆகுமா என்பது கேள்வியன்று. என்று ஆகும் என்பதே கேள்வி.

1988இல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி கேட்ஸ் ஆகிய மூவர் ஓர் ஆய்வுக்கட்டுரையை வெளியிட்டனர். விலை மிக்க பெருவட்டு ஒன்றைவிட, மலிவான சிறு வட்டுகள் பலவற்றை அணியாகச் சேர்ப்பது மேல் என்பது அவர்தம் வாதம். ஆனால், வட்டுகள் பெருகப் பெருக அவற்றுள் ஏதேனும் ஒன்று பழுதாகும் வாய்ப்பும் பெருகும். எனவே தரவோடு சிறிது மிகைத்தகவலையும் சேர்த்து எழுதிவைத்து, ஒன்று போனாலும் மற்றவற்றிலிருந்து மீட்க வேண்டும் என்றனர். இம்முறைக்கு அவர்கள் இட்ட பெயரின் சுருக்கமே 'ரெய்டு'. (நம் ஊரில் இச்சொல்லைக் கேட்டதும் வருமானவரித் துறையினரே நினைவுக்கு வருவர், இது வேறு.) பெயரில் முதலில் 'மலிவான வட்டுகள்' என்று இருந்தது. பிற்காலத்தில் தொழில்துறையினர் அதனைச் 'சார்பற்ற வட்டுகள்' என மாற்றிக்கொண்டனர். விலை கூட்டி விற்பவர்க்கு முதற்பெயர் இடைஞ்சலாக இருந்திருக்கும் போலும்.

இழந்ததை எண்ணிப் பெறுதல்

மிகைத்தகவலைச் சேர்க்கும் எளிய வழி, ஒரே தரவை இரு வட்டுகளிலும் எழுதுவது. இதற்கு ஆடிப்படிமம் என்று பெயர். ரெய்டு 1 என எண்ணிடுவர். இதில் பாதி இடம் போய்விடும். இடம் குறைவாகச் செலவாகும் மற்றொரு வழியின் அடிப்படை, வியப்பூட்டும் அளவுக்கு எளிய ஓர் எண்ணிக்கை.

முதல் வட்டில் 1011, இரண்டாம் வட்டில் 0110, மூன்றாம் வட்டில் 1100 என எழுதப்பட்டுள்ளன. ஒன்றன்கீழ் ஒன்றாக இவற்றை எழுதி, ஒவ்வொரு நிரலிலும் எத்தனை 1கள் உள்ளன என்று எண்ணுக. ஒற்றைப்படையாயின் 1 என்றும், இரட்டைப்படையாயின் 0 என்றும் குறிக்க. கிடைப்பது 0001. இதனைப் 'பாரிட்டி' என்பர். நான்காம் வட்டில் இது எழுதப்படும். இனி இரண்டாம் வட்டு பழுதாயிற்று என்று கொள்க. எஞ்சிய 1011, 1100, 0001 ஆகியவற்றை முன்போலவே நிரல் நிரலாக எண்ணினால் 0110 கிடைக்கும். இழந்த வட்டில் இருந்தது அதுவே. எந்த வட்டு போனாலும் இவ்விதி மாறாது. தாளில் ஒருமுறை செய்து பார்த்தால் விளங்கும். நான்கு வட்டுகளிலும் பாரிட்டியை மாற்றி மாற்றிப் பரப்பி எழுதுவது ரெய்டு 5. இருவேறு கணக்கீடுகளால் இரட்டைப் பாரிட்டி எழுதுவது ரெய்டு 6.

4 டெராபைட் வட்டுகள் நான்கு இருப்பின், மொத்தம் 16 டெராபைட். ரெய்டு 5இல் 12 டெராபைட் பயன்படும். ஒரு வட்டின் இழப்பைத் தாங்கும். ரெய்டு 6இல் 8 டெராபைட் பயன்படும். எந்த இரண்டு போனாலும் தாங்கும். இரட்டை ஆடிப்படிமங்களை இணைக்கும் ரெய்டு 10இலும் 8 டெராபைட்டே; அதன் வேகம் மிகுதி, ஆனால் ஒரே இணையின் இரு வட்டுகளும் போய்விட்டால் மீட்சி இல்லை. ரெய்டு 0 என்றும் ஒன்று உண்டு. அதில் மிகைத்தகவலே கிடையாது. ஒரு வட்டு போனால் எல்லாம் போகும். பெயரில் ரெய்டு என்று இருப்பதை நம்பி அதனைத் தேர்ந்து இடருற்றோர் பலர்.

இவற்றுள் எதனைத் தேர்வது? 12 டெராபைட் என்பது ஆசை காட்டும். பழுதான வட்டை நீக்கிப் புதியதைச் செருகியதும் அணி தன்னைத் தானே மறுகட்டுமானம் செய்துகொள்ளும். நொடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் 4 டெராபைட் எழுத, இடைவிடாது ஓடினாலும் 7 மணி நேரத்திற்கு மேலாகும். கூடத்தின் வேலையும் உடன் நடந்தால் ஒரு நாளும் ஆகலாம். அத்தனை நேரமும் எஞ்சிய வட்டுகள் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஓய்வின்றிப் படிக்கப்படுகின்றன. நான்கும் ஒரே நாளில், ஒரே தொகுதியிலிருந்து வாங்கப்பட்டவையாயின் அவையும் ஏறத்தாழ ஒரே அளவு தேய்ந்திருக்கும். இரண்டாவது வட்டு பழுதாவதற்கு இதனினும் ஏற்ற நேரம் வேறில்லை. ஆகவே, பெரிய வட்டுகளைக் கொண்ட சிறு கூடத்திற்கு ரெய்டு 6 அல்லது ரெய்டு 10 என்பதே இக்கட்டுரையின் பரிந்துரை. வட்டுகளை வெவ்வேறு கடைகளில் வாங்குவதும் நன்று.

அமைத்தலும் பேணுதலும்

அணியை மேலாளத் தனி அட்டை ஒன்றை வாங்கலாம். இயக்க அமைப்பின் மென்பொருளைக் கொண்டும் செய்யலாம். அட்டை பழுதானால் அதே வகை அட்டையைத் தேடி அலைய வேண்டும். இல்லையேல் நல்ல நிலையிலுள்ள வட்டுகளையும் படிக்க இயலாது போகலாம். மென்பொருள் வழி அமைத்த அணியை, வட்டுகளைக் கழற்றி வேறொரு கணினியில் செருகியும் உயிர்ப்பிக்கலாம். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் உருவான இசட்.எஃப்.எஸ். என்னும் கோப்பு முறைமை இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. எழுதும் ஒவ்வொரு தரவுத் துண்டுக்கும் ஒரு சரிபார்ப்புத் தொகையை அது குறித்துவைக்கும், படிக்கும்போது ஒப்பிடும். வட்டு, பழுது என்று அறிவிக்காமலேயே ஒரு பிட்டைத் தவறாகத் தந்தாலும் கண்டுபிடித்துத் திருத்திவிடும்.

வழங்கிக்கு மாறாத பிணைய முகவரி ஒன்றைத் தருதல் வேண்டும். பயனர் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு வேண்டும். வரைபடக் கோப்புறையில் எழுதும் உரிமை வரைபவருக்கு மட்டும்; எந்திரம் இயக்குபவர் படித்தால் போதும்; கணக்கு ஏடுகளை மற்றவர் காணவும் தேவையில்லை. எல்லார்க்கும் எல்லா உரிமையும் தருவது அமைப்பவருக்கு எளிது, பின்னர் அனைவர்க்கும் துன்பம். பகிர்வு நெறிமுறையின் மிகப் பழைய பதிப்பை அணைத்துவிட வேண்டும். 2017 மே திங்களில் வான்னாக்ரை என்னும் பணயத் தீநிரல் அப்பழைய பதிப்பிலிருந்த ஓட்டை வழியாகவே உலகெங்கும் இலட்சக்கணக்கான கணினிகளில் புகுந்து, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது.

மின்தடை மற்றொரு பகை. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் அற்றுப்போனால் தரவு எழுதப்பட்டு, பாரிட்டி எழுதப்படாமல் நிற்கக்கூடும். யு.பி.எஸ். ஒன்றை இணைப்பதோடு, அதன் செய்திக் கம்பியையும் வழங்கியில் செருக வேண்டும். மின்கலம் தீரும் தறுவாயில் வழங்கி தானே ஒழுங்காக அணைந்துகொள்ள அக்கம்பியே வழி. பலர் மின்கம்பியை மட்டும் செருகிவிட்டு, செய்திக் கம்பியை உறையோடு அலமாரியில் வைத்துவிடுகின்றனர்.

பேணுதலில் தலையாயது கவனித்தல். வட்டு அணியின் நன்மையே அதன் தீமையும் ஆகும்: ஒரு வட்டு போனபின்னும் எல்லாம் வழக்கம்போல் நடக்கும். கோப்பு திறக்கும், எந்திரம் ஓடும். பெட்டியில் எரியும் செவ்விளக்கை மூலையில் யாரும் காணமாட்டார்கள். அடுத்த வட்டும் போகும் நாளில்தான், முன்னது போய் எட்டு மாதம் ஆயிற்று என்பது தெரியவரும். எனவே பழுது ஏற்பட்ட உடனே பொறுப்பாளரின் மின்னஞ்சலுக்கு எச்சரிக்கை வருமாறு அமைத்து, அது வருகிறதா என்று சோதித்தும் பார்க்க வேண்டும். வட்டுகளுக்குள்ளேயே ஸ்மார்ட் எனப்படும் தன்னிலைப் பதிவு உண்டு. பழுதுற்ற இடங்களை ஒதுக்கிவிட்டு மாற்றிடம் தந்த எண்ணிக்கை அதில் ஏறத் தொடங்கினால், வட்டு சாகுமுன்னரே மாற்றிவிடலாம். மாதம் ஒருமுறை எல்லாத் தரவையும் படித்துப் பாரிட்டியோடு ஒப்பிடும் சரிபார்ப்பு ஓட்டத்தையும் இரவுநேரத்தில் நடத்த வேண்டும்.

சிறிதெனத் தோன்றும் ஒன்று: ஒவ்வொரு வட்டின் தொடர் எண்ணையும் அது செருகப்பட்ட தட்டின் வெளிப்புறத்தில் எழுதி ஒட்டுதல். பழுதானது எது என்று மென்பொருள் எண்ணைச் சொல்லும். கையோ குத்துமதிப்பாக ஒன்றை உருவும். நல்ல வட்டை உருவிவிட்டால், ரெய்டு 5 அணி அந்தக் கணமே நிலைகுலையும்.

அணி காக்காதவை

இவ்வளவும் செய்தபின், தரவு காக்கப்பட்டது என்று ஓய்ந்துவிடுவோர் பலர். வட்டு அணி, வட்டின் பழுதிலிருந்து மட்டுமே காக்கிறது. ஊழியர் ஒருவர் ஒரு கோப்புறையைத் தவறுதலாக அழித்தால், அணி அவ்வழிப்பை எல்லா வட்டுகளிலும் மிக ஒழுங்காக நிறைவேற்றும். தீநிரல் கோப்புகளைப் பூட்டினால், பூட்டிய கோப்புக்கும் பாரிட்டி எழுதும். நான்கு வட்டுகளும் ஒரே பெட்டியில் உள்ளன. பெட்டி ஓர் அறையில் உள்ளது. அறை அம்பத்தூரில் உள்ளது. வெள்ளம் வட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தீண்டுவதில்லை.

இது சிறு கூடங்களின் குறை மட்டுமன்று. 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் தேஜான் நகரிலுள்ள அரசுத் தரவு மையத்தில் மின்கலங்களிலிருந்து தீப்பற்றியது. அரசு ஊழியர்கள் தம் கோப்புகளைச் சேமித்துவந்த ஜி-டிரைவ் என்னும் அமைப்பு எரிந்தது. அதிலிருந்த 858 டெராபைட் தரவுக்கு வெளியே காப்புநகல் இல்லை; கொள்ளளவு பெரிது என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். தொழில்நுட்பத்தில் முன்னணியில் நிற்கும் நாடு அது.

தமிழர்க்கு இவ்விழப்பு புதிதன்று. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வேறெங்கும் படியில்லாத ஏடுகளும் அவற்றுள் இருந்தன. அச்சில் வந்த நூலுக்கு மறுபடி எங்கேனும் கிடைத்தது. ஒற்றை ஏட்டுக்குக் கிடைக்கவில்லை. உ.வே.சாமிநாதர் ஊர் ஊராகச் சென்று ஒரே நூலின் பல படிகளைத் தேடி ஒப்புநோக்க முடிந்ததற்குக் காரணம், முன்னோர் அவற்றைப் படியெடுத்து வெவ்வேறு ஊர்களில் வைத்திருந்தமையே. ஒன்றைச் செல்லரித்தது, மற்றொன்றில் அவ்வரி நின்றது. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் இன்று ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்ணிம வடிவில் படியெடுத்து இணையத்தில் வைத்துவருகிறது.

அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் பீட்டர் குரோக் பரவலாக்கிய விதி ஒன்று இதனைச் சுருங்கச் சொல்லும்: 3, 2, 1. தரவுக்கு மூன்று படிகள், இருவகை ஊடகங்களில், ஒன்றேனும் வேறிடத்தில். வழங்கியிலுள்ளது முதற்படி. மேசையருகே செருகி, நகலெடுத்தபின் கழற்றிவைக்கும் புறவட்டு இரண்டாவது. மூன்றாவது, வேறொரு பகுதியிலுள்ள உரிமையாளரின் வீட்டிலோ மேகச் சேமிப்பிலோ இருக்கலாம். கழற்றிவைத்தல் என்பது இங்கு முதன்மையானது. எப்போதும் செருகியே இருக்கும் வட்டைத் தீநிரலும் அடையும். வழங்கியில் மணிக்கொருமுறை எடுக்கப்படும் ஸ்னாப்ஷாட் என்னும் கணநேரப் பதிவு, தவறுதலாக அழித்ததை நொடியில் மீட்டுத் தரும். ஆனால் அதுவும் அதே அணியில் இருப்பதால் வெள்ளத்திற்கு உதவாது.

இணையம் வழி அனுப்புவதாயின் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். நொடிக்கு 50 மெகாபிட் வேகத்தில் 1 டெராபைட் ஏற, ஏறத்தாழ 44 மணி நேரம் ஆகும். முதல் முழுநகலைப் புறவட்டில் எடுத்துப் பையில் போட்டுப் பேருந்தில் கொண்டுசெல்வதே விரைவு. அதன்பின் நாள்தோறும் மாறியவற்றை மட்டும் இரவில் அனுப்பினால் சில நிமிடங்களில் முடியும். வழங்கிப் பெட்டியைத் தரையில் வைக்காமல் உயரத்தில், முடிந்தால் மாடியில் வைப்பது செலவில்லாத காப்பு.

எஞ்சுவது மீட்டெடுப்பு ஒத்திகை. காப்புநகல் எடுக்கப்படுகிறது என்று மென்பொருள் நாள்தோறும் பச்சைக் குறி காட்டலாம். கோப்பு வெற்றாக இருக்கலாம். கடவுச்சொல்லை அறிந்த ஒருவர் வேலையை விட்டுச் சென்றிருக்கலாம். மூன்று மாதத்திற்கு ஒருமுறை, வேலை குறைந்த ஒரு நாளில், வேறிடத்திலுள்ள படியிலிருந்து ஏதேனும் ஒரு பழைய வரைபடத்தை வழங்கியோடு தொடர்பில்லாத மற்றொரு கணினியில் மீட்க வேண்டும். எவ்வளவு நேரம் ஆயிற்று என்று குறிக்க வேண்டும். வழங்கியை அமைத்தவர் அன்றி வேறொருவர் அதனைச் செய்ய வேண்டும். மீட்ட வரைபடத்தை எந்திரத்தில் ஏற்றி ஓர் உருப்படியை வெட்டி, நுண்ணளவியில் வைத்துப் பார்த்து, அளவு ஒத்திருந்தால் அன்றைய தேதியைப் பதிவேட்டில் எழுதலாம்.